அச்சைச் சுற்றி

மலையிலிருந்து இறங்கிய சைக்கிளின் பின்சக்கர நடுவில் அச்சைச் சுற்றி ஓடும் ஹப்பைத் திறந்ததும் நான் பார்ப்பது கிரீஸின் நிறத்தை. அடைத்தபோது இருந்த பச்சையோ நீலமோ அப்படியே இருந்தால் உள்ளே எல்லாம் நலம். கறுத்திருந்தால் எஃகும் எஃகும் உரசிய தூள் அதில் கலந்திருக்கிறது. பால் விட்ட காப்பியின் நிறத்துக்கு வந்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. செம்பழுப்பாகி, விரலுக்கிடையில் நறநறவென்றால் துருவும் மண்ணும். கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் ஓட்டியவர்களின் ஹப்பில் இந்தச் செம்பழுப்பை அதிகம் பார்க்கலாம். கூடலூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு அது ஆடியிலேயே வந்துவிடும். நீலகிரியின் கிழக்குச் சரிவுக்கு வடகிழக்குப் பருவமழை, மேற்குச் சரிவுக்குத் தென்மேற்கு. இரண்டிலும் சுற்றுகிற சைக்கிளுக்கு வருடத்தில் இரண்டு மழைக்காலம்.

நிறம் பார்க்கும் பழக்கம் எனக்கு மேட்டுப்பாளையத்தில் வந்தது. உருளைக்கிழங்கு மண்டிகளுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சைக்கிள் கடை. கடைக்காரரை நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். உறவு ஒன்றும் கிடையாது. பள்ளி விட்டதும் அங்கே போய் உட்கார்ந்துகொள்வேன். வருகிற வண்டிகளில் பாதி பாரம் ஏற்றுகிறவை. கேரியரில் ஒரு கிழங்கு மூட்டை, பாரில் குறுக்காக இன்னொன்று என்று மண்டிக்கும் லாரி நிற்கும் இடத்துக்கும் நடுவே நாளெல்லாம் உருளும். சொந்தக்காரர் மாறி, ரிம் மாறி, ஸ்போக்ஸ் மாறி, ஹப் மட்டும் மாறாமல் வந்துகொண்டிருந்த சக்கரங்களை அங்கே பார்த்தேன். நடுவில் எண்ணெய் விட ஒரு துளை இருக்கும். அதை மூடிக்கொள்ள வளைந்த தகடு ஒன்று. அழகுக்கு மாட்டிய வண்ணக் குஞ்ச வளையம் சக்கரம் சுற்றச் சுற்ற ஹப்பின் மேல்பக்கத்தைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கும். உள்பக்கத்தைத் துடைக்க ஒரு ஆள் வேண்டும். அதற்குத்தான் மாமா.

ஓவராயிலுக்கு வண்டி வந்தால் சக்கரத்தைக் கழற்றி மடியில் சாய்த்துக்கொள்வார். ஒரு பக்கத்து லாக்நட்டையும் கோனையும் தளர்த்தி அச்சை உருவுவார். மண்ணெண்ணெய் ஊற்றிய தகரத் தட்டில் பால்ரஸ் குண்டுகள் சொட்சொட்டென்று விழும். முன்சக்கரத்தில் பக்கத்துக்குப் பத்து, பின்சக்கரத்தில் பக்கத்துக்கு ஒன்பது. முன்னது 3/16 அங்குலம், பின்னது கால் அங்குலம். இந்தக் கணக்கு எனக்கு வாய்ப்பாட்டோடு சேர்ந்தே மனப்பாடம் ஆனது. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். மங்கியிருந்தால், ஒரு புள்ளி இருந்தால், மொத்தத்தையும் ஒதுக்கிவிடுவார்.

“நல்லதா இருக்கறத வச்சுக்கலாமில்ல மாமா?”

“பழசுல புதுசக் கலக்காத கண்ணு. புதுசு மயிரெழ அளவாச்சும் பெருசா இருக்கும். பாரம் பூரா அது தலையில விழும்.”

அந்த மயிரிழையைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் கப் என்கிற கிண்ணத்துக்குள் சுற்றும் குண்டுகளில் ஒன்று மட்டும் சில மைக்ரான் தடித்திருந்தாலும் சுமை அதன்மேல்தான் ஏறும். அது நசுக்கும் பாதையில் மற்றவையும் போய்க் கெடும். பிற்பாடு பொறியியல் புத்தகத்தில் படித்தபோது அதில் எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை.

இந்த வகை ஹப்பில் பெரும்பாலும் முதலில் கெடுவது, அச்சில் திருகி உட்கார்ந்து குண்டுகளைத் தாங்கும் கோன். இதையும் அங்கேதான் பார்த்தேன். துடைத்த கோனை விரலில் உருட்டிக் காட்டுவார்: வட்டம் முழுக்க வழுவழுப்பாக இருக்கும், ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஊசி குத்தியதுபோல் குழிகள். கப் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுவதால் சுமை அதன் வட்டம் முழுக்கப் பகிர்ந்துகொள்ளப்படுகிறது. கோன் அச்சோடு நிற்கிறது. ஆளின் எடை, மூட்டையின் எடை, குழியில் விழுந்த அதிர்ச்சி எல்லாமே அதன் அடிப்பக்கத்தில் ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருக்கின்றன. உலோகத்தின் மேற்பரப்பு அங்கே களைத்து உதிர்கிறது. உதிர்ந்த துணுக்கு கிரீஸில் மிதந்து மற்றவற்றை அரைக்கத் தொடங்குகிறது. இந்தக் கட்டத்தில் திறந்துவிட்டால் செலவு ஒரு கோனும் ஒரு கை பால்ரஸும். கொஞ்சம் தள்ளிப்போட்டால் கப்பிலும் குழி விழும். கப் ஹப்போடு அழுத்திப் பொருத்தப்பட்டது. பெரும்பாலும் அதை மட்டும் தனியாக மாற்ற வழியில்லை. ஹப்பே போய்விட்டது என்று பொருள். ஒரு ஹப் பத்து வருடம் உழைப்பதற்கும் இரண்டு மழைக்காலத்தில் முடிவதற்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் அந்தத் தள்ளிப்போட்ட சில வாரங்கள்தான்.

தள்ளிப்போடாமல் இருப்பதற்கு முதலில் தெரிய வேண்டும். கேடு காதுக்கு எட்டும்போது காலம் கடந்திருக்கும். விரலுக்கு அது முன்பே தெரியும். சக்கரத்தைக் கழற்றி அச்சின் நுனியை இரண்டு விரலால் பிடித்து மெதுவாகத் திருப்ப வேண்டும். சொரசொரப்பு இருந்தால் நுனிவிரலில் ஏறும். கழற்ற நேரமில்லையென்றால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு சட்டத்தைத் தொட்டுப் பார்க்கலாம். உள்ளே நடக்கும் அரைப்பு குழாய் வழியே கைக்கு வந்துவிடும். “சுத்துறதப் பாக்காதே. புடிச்சுப் பாரு” என்பார் மாமா.

தொண்ணூறுகளில் எங்கள் தெருவுக்கு கியர் சைக்கிள்கள் வந்தன. தடித்த டயர், நேரான ஹேண்டில்பார், பின்னால் ஐந்தாறு பல்சக்கரங்கள். மலை சைக்கிள் என்று சொல்லித்தான் விற்றார்கள். மலை எங்கள் ஊரின் எல்லையிலேயே தொடங்குகிறது. எனவே நாங்கள் அதை நம்பி ஏற்றினோம். கொஞ்ச நாளில் மாமாவின் கடைக்கு வளைந்த அச்சுகள் வரத் தொடங்கின. எல்லாமே பின்சக்கரம், எல்லாமே வலப்பக்கம், வளைவும் ஏறக்குறைய ஒரே இடத்தில். ஒரு கல்லில் குதித்து இறங்கினால் போதும். சிலது இரண்டாகவே முறிந்து வந்தது.

காரணம் ஹப்பின் அமைப்பிலேயே இருந்தது. அந்த வண்டிகளில் பல்சக்கரக் கொத்து, மிதிக்காதபோது சக்கரத்தைத் தானே சுற்றவிடும் ஃப்ரீவீலோடு சேர்ந்து ஹப்பின் மரையில் ஏறி உட்காரும். ஒரே ஒரு பல்லோடு இருந்த ஃப்ரீவீல் ஒல்லியானது. அது இடம் அடைக்கவில்லை. ஆறு பல்சக்கரம் வந்ததும் அது ஹப்பின் வலப்பக்கத்தை விழுங்கிவிட்டது. பால்ரஸ் உட்காரும் இடம் உள்ளே தங்கிவிட, அதற்கும் சட்டத்துக்கும் நடுவே அச்சு மூன்று நான்கு சென்டிமீட்டர் தாங்கலே இல்லாமல் நீண்டு நின்றது. சமதளத்தில் அது தெரியாது. மலையில் ஒவ்வொரு கல்லும் அந்த நீட்டத்தை நெம்பியது. அச்சு இம்மி வளைந்தாலும் இரண்டு கோன்களும் நேர்க்கோட்டை விட்டு விலகும். எத்தனை நன்றாக கிரீஸ் வைத்திருந்தாலும் குழி விழும்.

இதற்குத் தீர்வு ஜப்பானில் ஏற்கெனவே வந்திருந்தது. ஒசாகாவை ஒட்டிய சகாய் கத்திக்கும் துப்பாக்கிக்கும் பேர்போன ஊர். எஃகைத் தட்டிப் பதமாக்கும் கை அங்கே தலைமுறைகளாக இருந்தது. அந்த ஊரில் 1921-இல் ஷோசாபுரோ ஷிமானோ தொடங்கிய பட்டறையின் முதல் தயாரிப்பு ஃப்ரீவீல். அதே ஷிமானோ நிறுவனம் 1978-இல் ஃப்ரீவீலை ஹப்பின் உடம்போடு இணைத்து, வலப்பக்க பால்ரஸை அச்சின் கடைசிக்கே கொண்டுபோய் வைத்தது. பல்சக்கரங்கள் தனியாகக் கழன்று வரும். அச்சுக்கு இரண்டு முனையிலும் தாங்கல் கிடைத்தது. எங்கள் மலைக்கு அந்த ஏற்பாடு வந்துசேரப் பல வருடங்கள் பிடித்தன. முதலில் கைக்கு வந்த அப்படிப்பட்ட ஹப்பை மாமா வாங்கிப் பார்த்தார். வலப்பக்கக் கோன் எங்கே உட்காருகிறது என்று மட்டும் பார்த்துவிட்டு, “இது வளையாது” என்றார்.

வளையவில்லை. ஆனால் மலை ஹப்பின்மேல் ஏறும் சுமை வேறு வகையானது என்பது ஏறும்போதுதான் விளங்கியது. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எழுபது கிலோ ஆள் பெடலில் முழு எடையோடு நிற்கிறார். பெடல் கையின் நீளம் 175 மில்லிமீட்டர். முறுக்கு விசை ஏறத்தாழ 120 நியூட்டன் மீட்டர். மண்டி சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 என்றால் ஹப்புக்குப் போய்ச் சேர்வது சுமார் 49. இன்றைய மலை சைக்கிளில் முன்னால் 32, பின்னால் 51 பல். அதே ஆள், அதே மிதி, ஹப்பில் சுமார் 190 நியூட்டன் மீட்டர். கிட்டத்தட்ட நான்கு மடங்கு. அரவேனு பக்கத்து எஸ்டேட் பாதைகளில் செங்குத்தாக ஏறும்போது இந்த முழு முறுக்கையும் தாங்கி நிற்பவை ஹப்புக்குள் ஸ்பிரிங் தள்ளி நிறுத்தியிருக்கும் சில எஃகு நாக்குகள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தின் அளவுதான். பல்சக்கரங்கள் உட்காரும் உருளை அலுமினியத்தில் இருந்தால், தனித்தனியாக நிற்கும் பெரிய பல்சக்கரம் அதன் வரிகளைக் கடித்துத் தழும்பாக்கிவிடும், கழற்றவே வராது. எடை கூடினாலும் எஃகு உருளையை நான் விரும்புவதற்கு இதுதான் காரணம்.

ஏறினால் இறங்க வேண்டும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் பாதையில் பாக்குத் தோப்புகள் கண்ணில் படும்வரை பிரேக்கிலிருந்து விரலை எடுக்க முடியாது. வழியில் நின்று டிஸ்க்கின் பக்கம் கையைக் கொண்டுபோனால் அனல் அடிக்கும். அங்கே நிற்கும்போதெல்லாம் உலகத்தின் இன்னொரு மூலையில் இருக்கும் ஒரு மண்பாதையை நினைத்துக்கொள்வேன்.

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டினால் மரின் கவுன்ட்டி. அங்கே ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் பைன் மலையிலிருந்து காட்டுத்தீ அணைப்பு வண்டிகளுக்காக வெட்டிய பாதை ஒன்று இறங்குகிறது. நீளம் சுமார் 3.4 கிலோமீட்டர், அதற்குள் ஏறத்தாழ 400 மீட்டர் இறக்கம். 1976 அக்டோபர் 21 அன்று சில இளைஞர்கள் அதில் முதல் பந்தயம் வைத்தார்கள். நடத்தியவர் சார்லி கெல்லி. கேரி ஃபிஷரும் ஜோ பிரீஸும் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள். அவர்களிடம் இருந்தவை 1930, 40-களில் செய்த பழைய பலூன் டயர் சைக்கிள்கள். கைப்பிரேக் இல்லாத அந்த வண்டிகளை பெடலைப் பின்னோக்கி மிதித்து நிறுத்த வேண்டும். மிதித்தால் ஹப்புக்குள் இருக்கும் கட்டைகள் விரிந்து ஹப்பின் உள்சுவரை உரசும். பிரேக்கும் பேரிங்கும் ஒரே கூட்டுக்குள், ஒரே கிரீஸில். அடிவாரம் வந்து சேரும்போது அந்த கிரீஸ் உருகி, புகைந்து, ஆவியாகியிருக்கும். மறுபடி ஓட்ட வேண்டுமென்றால் ஹப்பைப் பிரித்துப் புதிதாக கிரீஸ் அடைக்க வேண்டும். மீண்டும் அடை என்று பொருள்படும் ரீபேக் என்பதே அந்தப் பாதைக்கும் பந்தயத்துக்கும் பெயராகிவிட்டது.

அந்தப் பாதையில் இறங்கியவர்களில் ஃபிஷரின் நேரம் 4 நிமிடம் 22 நொடி. அதுதான் அங்கே சாதனையாக நின்றது. அதைவிட எனக்கு நெருக்கமானது அடிவாரத்தில் நடந்தது. மலை சைக்கிள் என்ற ஒன்று உருவான இடத்தில், ஓட்டிய ஒவ்வொருவரும் தன் ஹப்பைத் தானே திறந்திருக்கிறார். அவர்களுக்கு முன்பே, 1974-இல், குபர்ட்டினோ என்ற ஊரிலிருந்து வந்த ஒரு குழு பழைய சைக்கிள்களில் கியர் பொருத்திக்கொண்டு மரினுக்கு வந்திருந்தது. அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் மாரோ டர்ட் கிளப். மாரோ என்பது ஒரு பின்மிதி பிரேக் ஹப்பின் பெயர். ஒரு ஹப்பின் பெயரைக் குழுவுக்கு வைத்தவர்களின் விரல் நகத்தில் எப்போதும் கொஞ்சம் கிரீஸ் இருந்திருக்கும். 1977-இல் ஜோ பிரீஸ் மலைக்கென்றே தனியாக ஒரு சட்டத்தைப் பற்றவைத்துச் செய்தபோது, எதெல்லாம் முறியும், எதெல்லாம் எரியும் என்பதை அந்த அடிவாரம் அவருக்கு ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருந்தது.

இன்று பிரேக்கின் சூடு டிஸ்க்கோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. கிரீஸ் எரிவதில்லை. ஹப்பைக் கொல்வது தண்ணீர். ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: சூடேறிய ஹப் குளிர்ந்த ஓடையில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீலின் இடுக்கு வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஓடைகூடப் பரவாயில்லை. இறங்கி வந்ததும் சேற்றோடு வண்டியை வாட்டர் சர்வீஸில் நிறுத்துகிற பழக்கம்தான் பெரிய கேடு. லாரியின் அடிப்பக்கத்துச் சேற்றை உரிக்கிற அழுத்தத்தில் ஹப்பின் பக்கவாட்டில் தண்ணீரைப் பாய்ச்சினால் எந்த சீலும் நிற்காது. சேறு வெளியே போகும். தண்ணீர் உள்ளே தங்கும். ஒரு வாளித் தண்ணீரும் பிரஷும் போதும். கழுவிய பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, நிழலில் காய வைத்தால் போதும்.

சீல்டு பேரிங் என்ற பெயரை நம்பிப் பலர் அதைத் தொடவே வேண்டாம் என்று நினைக்கிறார்கள். 1971-இல் கலிஃபோர்னியாவில் ஃபில் வுட் சைக்கிள் ஹப்பில் கார்ட்ரிட்ஜ் பேரிங்கைப் புகுத்தியபோது கோன், கப், தனித்தனி பால்ரஸ் எல்லாம் ஒரு வளையத்துக்குள் அடங்கிவிட்டன. சரிசெய்ய ஒன்றும் இல்லை. தேய்ந்தால் தட்டி எடுத்துப் புதிதைப் பொருத்தலாம், ஹப்பின் உடம்புக்குக் காயமில்லை. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அந்த வளையத்தை மூடியிருக்கும் சீலின் ரப்பர் உதடு தூசியைத் தடுக்கும், சாரலைத் தாங்கும்; நீரில் மூழ்கினால் விட்டுக்கொடுக்கும். மழைக்காலம் முடிந்ததும் மெல்லிய பிளேடு நுனியால் சீலின் உள்விளிம்பை நெம்பி எடுத்து, பழைய கிரீஸைக் கழுவி, உலர்த்தி, புதிதாக வைத்து மூடினால் அதே பேரிங் இன்னொரு மழையைப் பார்க்கும். உள்ளே ஏற்கெனவே துருப்பிடித்திருந்தால் கழுவிப் பயனில்லை, மாற்றிவிட வேண்டும்.

மாற்றுவதற்கு கோவைக்குப் போவேன். பம்ப்செட்டும் மோட்டாரும் செய்கிற ஊர் என்பதால் அங்கே பேரிங் கடைகளுக்குக் குறைவில்லை. சைக்கிள் என்று சொல்ல வேண்டியதே இல்லை. சீலின் மேல் அச்சடித்த எண்ணைச் சொன்னால் போதும். 6902 என்றால் உள்விட்டம் 15 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 28, அகலம் 7. உலகத்தில் யார் செய்தாலும் அதுதான் அளவு. ஒரு முறை கவுன்ட்டரில் இருந்த பெரியவர் எடுத்துக் கொடுத்துவிட்டு, “எப்படீங்க ஏத்துவீங்க?” என்று கேட்டார். வெளிவளையத்தில் அழுத்தம் கொடுத்து என்றேன். தலையாட்டினார். அந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. ஹப்புக்குள் இறுகி உட்காருவது வெளிவளையம். உள்வளையத்தில் தட்டி இறக்கினால் அடி முழுவதும் நடுவே இருக்கும் குண்டுகள் வழியாகப் போய், ஓடும் பாதையில் பள்ளம் பதித்துவிடும். புதிய பேரிங் பொருத்தும்போதே பாதி ஆயுளை இழந்துவிடும். நீண்ட போல்ட், இரண்டு நட், வெளிவளையத்துக்குச் சரியான இரண்டு வாஷர்கள் இருந்தால் வீட்டிலேயே நேராக இழுத்து உட்காரவைக்கலாம்.

கோன் ஹப்பைப் பிரிக்கும்போது ஒரு சின்னக் குண்டு உருண்டு தரையில் ஓடினால் தேடிப் பிடிக்காமல் நான் விடுவதில்லை. அதன் உருண்டை எத்தனை உழைப்பில் வந்தது என்று தெரிந்துகொண்டதும் ஒரு காரணம். 1869-இல் பாரிஸில் ஜூல் சுரிரே சைக்கிளுக்கு பால் பேரிங் வைத்துக் காப்புரிமை பெற்றார். ஆனால் ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும்படி குண்டுகளைச் செய்வது அப்போது பெரும்பாடு. ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரத்தில் 1883-இல் ஃப்ரீட்ரிஷ் ஃபிஷர் குண்டுகளைச் சீராக அரைத்தெடுக்கும் இயந்திரத்தைச் செய்தார். அதற்குப் பிறகுதான் எல்லாச் சக்கரத்துக்கும் பால்ரஸ் கட்டுப்படியாகும் பொருளானது. அதே ஊரில் எர்ன்ஸ்ட் சாக்ஸ் 1903-இல் பின்மிதி பிரேக்கும் ஃப்ரீவீலும் கொண்ட டார்ப்பிடோ ஹப்பைக் கொண்டுவந்தார். சைக்கிளுக்காக வளர்ந்த அந்தத் தொழில் பின்னால் விமானத்துக்கும் டாங்கிக்கும் தேவையாகிவிட, 1943-இல் அமெரிக்க விமானங்கள் ஆகஸ்டிலும் அக்டோபரிலும் அந்த ஊரின் மேல் குண்டு பொழிந்தன. மண்டித் தெருவில் மாமா மண்ணெண்ணெயில் கழுவிய குண்டுக்குப் பின்னால் இத்தனையும் இருந்தது.

ஊட்டியில் மார்கழி, தையில் புல்மேல் உறைபனி படியும். அப்படி ஒரு விடியற்காலையில் என்னோடு வந்த தம்பி ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தான். பெடல் பிடிமானமே இல்லாமல் சரிந்து, முழங்கால் ஹேண்டில்பாரில் மோதியது. ஹப்பைத் திறந்தபோது எஃகு நாக்குகள் தடித்த கிரீஸில் புதைந்து கிடந்தன. பேரிங்குக்கு வைக்கிற அதே கிரீஸை யாரோ தாராளமாக அப்பியிருந்தார்கள். குளிரில் அது இறுகியதும் சிறு ஸ்பிரிங்குகளால் நாக்குகளைத் தள்ள முடியவில்லை. பேரிங்குக்குத் தண்ணீரை எதிர்த்து நிற்கும் கெட்டி கிரீஸ் வேண்டும். நாக்குகளுக்கு மெல்லிய கிரீஸோ எண்ணெயோ பூச்சாக இருந்தால் போதும். ஒரே ஹப்புக்குள் இரண்டு வேலைக்கும் இரண்டு மசகு. பராமரிப்பு என்றாலே நிறைய வைப்பது என்று நினைப்பவர்களிடம் அந்தத் தம்பியின் முழங்காலைப் பற்றிச் சொல்வேன்.

நாக்குகளுக்குப் பதிலாக, பற்கள் செதுக்கிய இரண்டு எஃகு வளையங்கள் முகத்தோடு முகம் பொருந்தும் ஏற்பாடும் உண்டு. சுவிட்சர்லாந்தின் டிடி ஸ்விஸ் ஹப்புகளில் அதைப் பார்க்கலாம். 18 பல் வளையம் என்றால் மிதித்ததும் பிடிக்கும்வரை அதிகபட்சம் 20 பாகை வீணாகச் சுற்றும். 36 என்றால் 10 பாகை. 54 என்றால் 7 பாகைக்கும் குறைவு. அமெரிக்காவின் கிறிஸ் கிங் 72 பல், ஐந்து பாகை. அதே நாட்டின் இண்டஸ்ட்ரி நைன் ஒரு சுற்றில் 690 இடத்தில் பிடிக்கும் ஹப்பைச் செய்கிறது, அரைப் பாகைதான். பாறைகளுக்கு நடுவே கால் பாதியில் நின்று மறுபடி மிதிக்கும்போது இந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் பல் நுணுகினால் ஒவ்வொரு பல்லும் தாங்கும் முகமும் சிறுக்கும். உள்ளே புகுந்த ஒரு மணலுக்கும் இடம் கொடுக்க முடியாது. மழையில் ஓட்டுகிற எனக்கு 36 பல் போதும். டிடி ஸ்விஸ் ஹப்பை நான் விரும்புவதற்குப் பல்லின் எண்ணிக்கையைவிட வேறொரு காரணம் இருக்கிறது: பெரும்பாலான மாதிரிகளில் பல்சக்கரக் கொத்தைப் பிடித்துக் கையால் இழுத்தாலே பக்கம் திறந்துகொள்ளும். ஸ்பேனர்கூட வேண்டாம். பாதையோரம் உட்கார்ந்து துடைத்து, பூசி, மூடலாம்.

பழைய கோன் ஹப்புகளிலும் எனக்குப் பற்று குறையவில்லை. ஷிமானோவின் மலை ஹப்புகளில் பலவற்றில் இன்றும் கப்பும் கோனும்தான். சாய்வாக உட்காரும் அந்தக் குண்டுகள் நேர்ச்சுமையோடு பக்கச்சுமையையும் ஏற்கும். வளைவில் சாய்ந்து இறங்கும்போது அது பெரிய துணை. கேட்பது ஒன்றே ஒன்று: கோன் வைக்கத் தெரிந்த கை. மாமா கோனைக் கையால் முட்டும்வரை திருகி, பிறகு இம்மி பின்வாங்கி, இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்பேனரால் அதை அசையாமல் பிடித்துக்கொண்டு லாக்நட்டை இறுக்குவார். இறுக்கும்போது கோன் தானும் கொஞ்சம் நகரும். அதையும் கணக்கில் வைத்துத்தான் பின்வாங்கியிருப்பார். பிறகு சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து விடுவார். காற்றடிக்கும் வால்வின் எடைக்கே சக்கரம் தானாக இறங்கி, வால்வு அடியில் வந்து ஊசலாடி நிற்க வேண்டும். நின்றால் சரி. நெம்புகோலால் இறுக்கும் குவிக் ரிலீஸ் வைத்த சக்கரத்தில் இதற்கு இன்னொரு படி உண்டு. நெம்புகோலை மூடும்போது அச்சே மயிரிழை சுருங்கும். அதனால் கையில் இருக்கும்போது துளி ஆட்டம் விட வேண்டும். சட்டத்தில் மாட்டி மூடியதும் அந்த ஆட்டம் மறைய வேண்டும். ஆட்டமே இல்லாமல் வைத்து மாட்டினால் ஓடும்போது குண்டுகள் நசுங்கும். கொஞ்சம் தளர்ந்த கோனைவிட இறுகிய கோன் சீக்கிரம் சாகும்.

ஔவையார் புறநானூற்றில் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும் பாட்டு ஒன்று, 102-ஆவது, எனக்கு மிகவும் பிடித்தது. உப்பு வணிகர்களின் வண்டி அதில் வருகிறது. எருதுகள் இளையவை, பாரமோ பெரிது, பாதையில் பள்ளத்தில் இறங்கவும் மேட்டில் ஏறவும் வேண்டியிருக்கும். என்ன நேருமோ என்று எண்ணி, வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அந்த மாற்று அச்சு போன்றவன் என்று தலைவனைப் புகழ்கிறார். மலைப்பாதையில் வண்டி ஓட்டியவர்களின் மனது அந்தப் பாட்டுக்குள் இருக்கிறது. எந்தத் தச்சனின் கையையும் அவர்கள் குறைத்து மதிப்பிடவில்லை. நல்ல அச்சும் ஒரு நாள் முறியும், அன்று மாற்ற வேண்டியது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதை அறிந்திருந்தார்கள்.

இப்போது என்னிடம் மலை சைக்கிள் வாங்கப் போகிற பிள்ளைகள் எந்த ஹப் நீடிக்கும் என்று கேட்கிறார்கள். எடை, பல் எண்ணிக்கை, சத்தம் எல்லாம் விசாரித்துக்கொண்டு வருகிறார்கள். நான் திருப்பிக் கேட்பது மூன்று கேள்விகள். அதை உன் கையால் பிரிக்க முடியுமா? உள்ளே இருக்கும் பேரிங்கின் எண்ணையோ கோனின் அளவையோ செய்தவர்கள் வெளியே சொல்லியிருக்கிறார்களா? பத்து வருடம் கழித்து அந்த உதிரிபாகத்தை ஒரு கடையில் எண்ணைச் சொல்லி வாங்க முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் விலை குறைந்த ஹப்பாக இருந்தாலும் வாங்கு என்பேன். மலை அதைத் தேய்க்கும், மழை அதற்குள் புகும், வருடத்துக்கு இரண்டு முறை அதைத் திறந்து கழுவ வேண்டிவரும், அது ஓடும். இல்லை என்றால் எவ்வளவு உயர்ந்த உலோகத்தில் கடைந்திருந்தாலும் அதன் ஆயுள் அதற்குள் இருக்கும் மிக மலிவான பேரிங்கின் ஆயுள்தான்.

ஹப் செய்கிறவர்களிடமும் இதைத்தான் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். இன்னும் இறுக்கமான சீலைத் தாருங்கள், நன்றி. அதோடு சேர்த்து வரைபடத்தையும் உதிரிபாகத்தையும் தாருங்கள். திறந்து பார்க்க நாங்கள் இருக்கிறோம்.